டெல்டா வீட்டுக்கு பவர் ஸ்டேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி நெருங்கும்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஒரே விஷயத்தைக் கேட்க ஆரம்பிப்பார்கள். விளம்பரத்தில் ‘பவர் ஸ்டேஷன்’ என்று வருகிற லித்தியம் பேட்டரிப் பெட்டி வாங்கலாமா, எவ்வளவு பெரியது, மோட்டார் ஓடுமா. சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பவர் ஸ்டேஷனுக்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் என்ன வித்தியாசம்?

லித்தியம் பேட்டரி, சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் பலகையை இணைக்கிற கன்ட்ரோலர் எல்லாம் ஒரே பெட்டிக்குள், மேலே ஒரு கைப்பிடியோடு இருக்கும். முன்பக்கம் ஏசி பிளக் பாயின்ட், யூஎஸ்பி, காரில் இருப்பது மாதிரி 12 வோல்ட் சாக்கெட். புகை கிடையாது, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டாம், தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம்.

வாங்கின பிறகுதான் பலருக்கும் தெரிகிற ஒன்று உண்டு. இது வீட்டு வயரிங்கோடு தானாகச் சேராது. அதனால் சீலிங் ஃபேன் ஓடாது, சுவரில் மாட்டிய டியூப்லைட் எரியாது. பிளக் உள்ள பொருள் மட்டும்தான். டேபிள் ஃபேனோ பெடஸ்டல் ஃபேனோ வீட்டில் இல்லையென்றால் பெட்டியின் செலவோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் ஷட்டவுன், அவ்வப்போது ஒரு மணி, இரண்டு மணி நேரக் கரண்ட் கட். இதற்கு வாங்கலாமா?

சொந்த வீடு என்றால் வேண்டாம். சாதாரண இன்வெர்ட்டரே போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றில் கணக்குப்படி 1800 வாட்-மணி, அதாவது ஈபி கணக்கில் 1.8 யூனிட் இருக்கிறது. முழுக்க உறிஞ்சக் கூடாது, பாதிக்குச் சற்று மேல் எடுத்தால்கூட இரண்டு சீலிங் ஃபேனும் நாலு பல்பும் ஷட்டவுன் முடிகிறவரை தாங்கும். 1000 வாட்-மணி லித்தியம் பெட்டி ஒன்றின் விலைக்கு இப்படி ஒரு செட் வாங்கிப் பாதிக்குப் பாதி பணம் கையில் நிற்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், வயரிங்கில் கை வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காதவர்கள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கும் சென்னைக்கும் அலைகிறவர்கள், சந்தையில் கடை போடுபவர்கள், இவர்களுக்குப் பெட்டி பொருந்தும். இன்னொரு வகையினர் உண்டு: புயலுக்குப் பயப்படுபவர்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

புயலுக்கு என்றால் எவ்வளவு பெரியது வேண்டும்?

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. உள் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள், காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் 1000 வாட்-மணி பெட்டியும் 2000 வாட்-மணி பெட்டியும் ஒன்றுதான். முதலாவது ஓர் இரவில் காலி, இரண்டாவது இரண்டு இரவில் காலி. மூன்றாம் நாள் என்ன செய்வீர்கள்?

ஆகவே எவ்வளவு கொள்ளும் என்பதற்கு முன்னால், எப்படித் திரும்ப நிரப்புவது என்று பாருங்கள். பெட்டியின் அடியிலோ பின்பக்கமோ ‘இன்புட்’ என்று ஓர் எண் எழுதியிருக்கும். சில மாடல்களில் தனி அடாப்டர் வழியாக 100 வாட் அளவில்தான் சார்ஜ் ஏறும். 1000 வாட்-மணி நிரம்ப நாள் முழுக்க ஆகும். வேறு சிலவற்றில் 800, 1000 வாட் உள்ளே போகும், ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். புயலுக்குப் பிறகு இந்த வித்தியாசம்தான் எல்லாமே. கல்யாண மண்டபத்திலோ ரைஸ்மில்லிலோ ஜெனரேட்டர் ஓடும், பெட்டியை எடுத்துப்போய் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு வரலாம். பத்து மணி நேரம் போட யார் விடுவார்கள்?

தூக்கிப்போக வேண்டும் என்பதால் எடையும் பேசியாக வேண்டும். 500 வாட்-மணி பெட்டி சுமார் 6 முதல் 8 கிலோ, 1000 என்றால் 11 முதல் 14 கிலோ, 2000 என்றால் 20 கிலோவைத் தாண்டும். 1000 வரை டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்பலகையில் வைத்துக் காலால் அணைத்துக்கொண்டு போய்விடலாம். 2000க்கு இன்னோர் ஆள் வேண்டும், மரம் விழுந்து கிடக்கிற சாலையில் இறங்கித் தாண்டவும் வேண்டும். பணம் இருந்தாலும் பெரிய ஒன்றைவிட நடுத்தரம் இரண்டாக வாங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று மண்டபத்தில் ஏறிக்கொண்டிருக்க, மற்றொன்று வீட்டில் ஓடும்.

வீட்டில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ஃபேனுக்காக இரவெல்லாம் அதை ஓட்டுவது பெட்ரோலைக் கொட்டுவதுதான். பகலில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் பெட்டியை நிரப்பி, இரவு சத்தமில்லாமல் தூங்கலாம். சில ஜெனரேட்டரின் கரண்ட் சீராக இருக்காது, பெட்டி ஏற்க மறுக்கும். சார்ஜ் வேகத்தைக் குறைக்கிற வசதி உள்ள மாடலில் அதைக் குறைத்துப் போட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கார் இருந்தால் 12 வோல்ட் சாக்கெட்டிலும் போடலாம், ஆனால் 100 வாட் அளவுதான் வரும், இன்ஜினும் ஓட வேண்டும். போனுக்கு ஆகும், இரவு முழுக்க ஓடும் ஃபேனுக்குக் காணாது.

என் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஈபி கணக்கில் ஒரு யூனிட் என்கிறோமே, அது 1000 வாட்-மணி. அதே அளவுதான் இங்கும். 50 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 500 வாட்-மணி, அதாவது அரை யூனிட்.

மன்னார்குடியில் நாலு பேர் உள்ள ஒரு வீடு என்று வைப்போம். சாயங்காலம் 6 மணிக்குக் கரண்ட் போகிறது, காலை 6 மணி வரை வராது. 50 வாட் டேபிள் ஃபேன் ஒன்று 9 மணி நேரம்: 450. 9 வாட் எல்இடி பல்பு இரண்டு 5 மணி நேரம்: 90. வைஃபை ரவுட்டர் 10 வாட், 6 மணி நேரம்: 60. நாலு போனுக்கு 15 வீதம்: 60. மொத்தம் 660. பேட்டரியின் டிசி கரண்டை வீட்டுப் பொருளுக்கான ஏசி கரண்டாக மாற்றுவதில் சுமார் 15 சதவீதம் வீணாகும் என்பதால் 660ஐ 0.85ஆல் வகுங்கள், ஏறக்குறைய 780 வரும். 800க்குக் குறைந்த பெட்டி விடியும் முன்பே கைவிட்டுவிடும்.

இதே வீட்டில் அந்த ஃபேனுக்குப் பதில் குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி மோட்டார் வைத்த 30 வாட் பெடஸ்டல் ஃபேன் வைத்தால் 450 என்பது 270 ஆகிறது. மொத்தக் கணக்கு 565க்கு இறங்கிவிடும். 600 வாட்-மணிப் பெட்டியே போதும். முதலில் ஃபேனை மாற்றுங்கள், அப்புறம் பெட்டி வாங்குங்கள். கூடுதலாக 200 வாட்-மணிக்குக் கொடுக்கிற காசைவிட அந்த ஃபேனுக்கான காசு குறைவு. கரண்ட் இருக்கிற நாளிலும் பில்லைக் குறைக்கும்.

60,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று போட்டிருக்கிறது. பெரியதுதானே?

எண்தான் பெரியது. எம்ஏஎச்சை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 60,000க்கு 222 வாட்-மணி வருகிறது. மேலே சொன்ன வீட்டுக்குப் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். வாட்-மணி எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் பேச்சை மாற்றுகிறாரா, நீங்கள் கடையை மாற்றுங்கள்.

மோட்டார், மிக்சி, ஃபிரிட்ஜ், இண்டக்ஷன் அடுப்பு ஓடுமா?

இங்கே பார்க்க வேண்டியது வாட்-மணி அல்ல, வாட். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்க விடும் என்பது அது. எல்லா மோட்டாரும் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும்.

மிக்சி 500 முதல் 750 வாட். 1000 வாட் பெட்டியில் ஓடும். தேங்காய்ச் சட்னிக்கு இரண்டு நிமிடம் என்பதால் பேட்டரியும் அதிகம் குறையாது. இண்டக்ஷன் அடுப்பை விட்டுவிடுங்கள். 2000 வாட்டில் வைத்தால் ஒரு குக்கர் சோற்றுக்கே பெட்டியின் பெரும்பகுதி போய்விடும். கேஸ் இருக்கிறது.

ஃபிரிட்ஜ் ஓடும்போது 100, 150 வாட்தான் எடுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடியில்தான் சிறிய பெட்டி ‘ஓவர்லோடு’ என்று நின்றுபோகும். பழைய ஃபிரிட்ஜ் இன்னும் மோசம், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வைத்த புது ஃபிரிட்ஜ் மெதுவாகக் கிளம்பும். திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சி தாங்கும் என்பதால் நாள் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை. விட்டுவிட்டு ஓட்டினால் போதும்.

வீட்டு போர்வெல்லில் இருக்கிற ஒரு ஹெச்பி சப்மெர்சிபிள் ஓடும்போது 1000 வாட்டுக்கு மேல் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு. 2000 வாட் பெட்டிகூடச் சமாளிக்குமா என்பது சந்தேகமே. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியையும் அண்டா, குடங்களையும் நிரப்பி வைப்பதற்கு ஈடான கருவி எதுவும் விற்பனையில் இல்லை. வயல் மோட்டாரைக் கேட்கவே வேண்டாம், அது மூன்று ஃபேஸ்.

பேட்டரியில் எல்எஃப்பி, என்எம்சி என்று இரண்டு வகை சொல்கிறார்களே, எது நல்லது?

எல்எஃப்பி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட். இது சுமார் 3000 முறை ஏற்றி இறக்கினாலும் 80 சதவீதம் கொள்ளும் என்பார்கள், என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது) 500 முதல் 800 முறை. வருஷத்துக்கு இருபது முப்பது நாள் மட்டும் பயன்படுத்துபவருக்கு இந்த 3000 வெறும் விளம்பர எண். நான் எல்எஃப்பியைச் சொல்வது வேறு காரணத்துக்காக: சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் அபாயம் குறைவு. சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டு மாடியறை எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ஏசி வெளியீடு ப்யூர் சைன் வேவ், அதாவது ஈபி கரண்ட் மாதிரி சீரான அலை என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபேன் உறுமும், சில சார்ஜர்கள் சூடேறும்.

சோலார் பலகை சேர்த்து வாங்கலாமா? மழைக்காலத்தில் வருமா?

வரும், ஏமாற்றும். 200 வாட் மடிப்புப் பலகை நல்ல வெயிலில் 140, 150 வாட் கொடுக்கும். ஒரு நாளைக்கு 700 வாட்-மணி சேர்ந்தால் நல்ல நாள். கார்த்திகை மூடாக்கில் அதில் கால்வாசிகூட எதிர்பார்க்க முடியாது. ஆனால் புயல் கடந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ பெரும்பாலும் வெயில் அடிக்கும், கரண்ட் மட்டும் வராது. அந்த நாட்களில் பலகைதான் சோறு போடும். ஆகவே புயலுக்காக வாங்குபவர்கள் பெட்டியை ஓர் அளவு குறைத்தாவது பலகையைச் சேர்த்து வாங்குங்கள். வெறும் ஷட்டவுனுக்கு வாங்குபவர்களுக்குப் பலகை தேவையில்லை.

நம் பக்கத்துத் தோட்டங்களில் தென்னை மரம் இல்லாத இடம் தேட வேண்டும். பலகையின் ஓரத்தில் ஓர் ஓலை நிழல் விழுந்தாலே வரத்து படுத்துவிடும். முற்றத்தில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள், மணிக்கு ஒரு தரம் வெயில் பக்கம் திருப்பி வைத்துப் பெட்டியின் திரையில் வாட் எண்ணைப் பாருங்கள். பெட்டி மட்டும் நிழலில் இருக்கட்டும், 45 டிகிரியை நெருங்கினால் சார்ஜ் ஏறுவதை அதுவே நிறுத்திக்கொள்ளும். இரண்டு பலகையை வரிசையாக இணைத்தால் வோல்டேஜ் கூடும். பெட்டி ஏற்கிற உச்ச வோல்டேஜைத் தாண்டினால் உள்ளே எரிந்துவிடும், வாரண்டியும் போய்விடும்.

மாடியில் ஏற்கெனவே மானியத்தில் போட்ட சோலார் இருக்கிறதே, அது போதாதா?

2024இல் வந்த பி.எம். சூரிய கர் திட்டத்தில் வீடுகளுக்குப் பெரும்பாலும் போடுவது ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் வகை. லைனில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், உச்சி வெயிலானாலும் சரி. லைனில் வேலை செய்பவர்மேல் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

பெட்டியிலிருந்து வயர் போட்டு வீட்டு பிளக் பாயின்டில் சொருகினால் வீடு முழுக்க எரியுமாமே?

செய்யவே செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரைத் தயாரித்துக் கொடுக்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் உங்கள் கரண்ட் தெரு லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர் அழுத்தமாகவும் ஏறும். கம்பத்தின் மேல் வெளியூரிலிருந்து வந்த லைன்மேன் ஒருவர் நிற்கலாம். மெயின் அணைக்காமல் இருக்கும்போது திடீரென்று லைன் வந்தால் பெட்டி எரிந்துபோகும் வாய்ப்பும் உண்டு. குழந்தை பிளக்கைப் பாதி உருவினால், விரல் படுகிற அந்தப் பளபளக்கிற கம்பிகளில் கரண்ட் இருக்கும். வீடு முழுக்க வேண்டுமென்றால் வயர்மேனை வைத்து, ஈபி லைனும் பெட்டியும் ஒரே நேரத்தில் சேராமல் பிரிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கிற மாமா வாங்கி வரட்டுமா? அங்கே விலை குறைவு.

விமானத்தில் விடமாட்டார்கள். 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுவரலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, அதற்கு மேல் கைப்பையிலும் கிடையாது, லக்கேஜிலும் கிடையாது. பவர் ஸ்டேஷன் என்று விற்பது பெரும்பாலும் அதற்கு மேல்தான். மாமாவைத் திருச்சி விமானத்துக்கான கவுன்டரில் மாட்டிவிடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து கப்பல் சரக்கில் வருவது இன்னும் வம்பு, அது 120 வோல்ட், நமக்கு 230. மடிப்புப் பலகையை மட்டும் தாராளமாகக் கொண்டுவரச் சொல்லலாம், அதில் பேட்டரி கிடையாது.

வைஃபை மட்டும் ஓடினால் போதும். ஆனால் பெட்டி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

ஏசி பட்டனைப் போட்டாலே உள்ளிருக்கும் இன்வெர்ட்டர் தனக்கென்று 10, 15 வாட் சாப்பிடும். 10 வாட் ரவுட்டருக்காக 25 வாட் செலவாகிறது. 500 வாட்-மணி பெட்டி 20 மணி நேரத்தில் முடிகிறது. ரவுட்டரின் அடாப்டரைப் பாருங்கள், பெரும்பாலும் ‘12 வோல்ட்’ என்று இருக்கும். அதற்கேற்ற 12 வோல்ட் வயரை வாங்கிப் பெட்டியின் டிசி துளையில் சொருகி, ஏசி பட்டனை அணைத்துவிடுங்கள். அதே பெட்டி 40 மணி நேரத்துக்கு மேல் ஓடும். போன் சார்ஜும் அப்படித்தான், யூஎஸ்பியிலேயே நேராகப் போடுங்கள்.

வீட்டில் மூச்சுப் பிரச்சினை உள்ள பெரியவர் இருக்கிறார்.

நெபுலைசர் 100, 150 வாட், சில நிமிடம்தான். கவலை இல்லை. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வேறு கதை. 5 லிட்டர் கருவி 300 முதல் 350 வாட் எடுக்கும், 1000 வாட்-மணி பெட்டியில் இரண்டரை மணி நேரம் வரும். அது ஆக்சிஜன் சிலிண்டர் வந்து சேரும்வரைக்கான இடைவேளை மட்டுமே. புயல் அறிவிப்பு வந்தால் பெரியவரை முன்கூட்டியே டவுனில் உள்ள உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனை பக்கத்துக்கோ கொண்டுபோவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

வெளியில் தங்குவதற்கு, சுற்றுலாவுக்கு?

கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் நம் பக்கம் குறைவு. ஆனால் வெளியில் இரவு கழிப்பது நமக்குப் புதிதா? அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு முறைக்காகக் காத்துக் கிடப்பது, களத்துக் காவல், ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் கூடும் குடும்பம், கோயில் திருவிழாக் கடை. இதற்கெல்லாம் 250 முதல் 300 வாட்-மணி போதும். ஓர் எல்இடி பல்பு, யூஎஸ்பி ஃபேன், போன் என்று இரவு ஓடிவிடும். மூன்று கிலோ சுமைதான். நெல்குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் திணிக்காதீர்கள், காற்றுப் போக வழி வேண்டும், தூசி உள்ளே போகக் கூடாது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் தோளில் சுமக்க வேண்டாம், பின்னால் வரும் சாப்பாட்டு வண்டியில் ஒன்று இருந்தால் குழுவுக்கே ஆகும்.

கொல்லிமலை, கொடைக்கானல் என்று காரில் போனால் 500. அதற்கு மேல் வாங்கினால் டிக்கியில் துணிப்பைக்கு இடம் இருக்காது.

கடலோரத்தில் இருக்கிறோம். எப்படி வைத்துக்கொள்வது?

உப்புக் காற்று பிளக் துளைகளை அரிக்கும். பயன்படுத்தாத நாட்களில் துளை மூடிகளைச் சாத்தி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பல மாதம் சும்மா இருக்கப்போகிறது என்றால் 50, 60 சதவீதத்தில் விட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். புரட்டாசி கடைசியில் முழுதாக ஏற்றிவிடுங்கள், தை வரை அப்படியே இருக்கட்டும். தரையில் வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் மேசைக்கு, அதைவிட உயரமான இடத்துக்கு.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊராக இருந்தால் சார்ஜ் ஏறாமல் நிற்கலாம். எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்பது லேபிளில் இருக்கும். நடுச்சாமத்தில் போட்டால் ஏறிவிடும்.

உள்ளூரிலேயே எல்எஃப்பி செல் வாங்கிக் கட்டித் தருகிறார்கள். பாதி விலை.

நல்ல கைக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. செல் புதியதா, பழைய வண்டியில் கழற்றியதா என்று கேளுங்கள். பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கிற சர்க்யூட்) எத்தனை ஆம்பியர், ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேண்டாம். கம்பெனிப் பெட்டியிலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் பேட்டரிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பழுதானால் யார் வந்து எடுத்துப்போவார்கள் என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். லித்தியம் பேட்டரியைப் பல கூரியர்காரர்கள் தொடமாட்டார்கள், சர்வீஸ் சென்டர் பெங்களூரில் இருந்தால் 14 கிலோவை நீங்கள்தான் பஸ்ஸில் சுமக்க வேண்டும்.

வெள்ளத் தண்ணீரில் நனைந்துவிட்டது. வெயிலில் காய வைத்துப் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. வெளியே காய்ந்தாலும் உள்ளே சேறும் உப்பும் தங்கும், சில நாள் கழித்துக்கூடச் சூடேறிப் புகையும். சார்ஜும் போடாமல், பட்டனையும் தொடாமல், வைக்கோல் போரிலிருந்தும் கேஸ் சிலிண்டரிலிருந்தும் தள்ளித் திறந்தவெளியில் வைத்துவிட்டுக் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், அங்கே சுத்தியலால் உடைப்பார்கள்.